மீனுக்கு முன்னே பாக்டீரியா!

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒரு கையில் புத்தம்புது கண்ணாடித் தொட்டி, மறு கையில் பாலிதீன் பையில் பத்து கப்பி, இரண்டு கோல்ட் ஃபிஷ். அன்று சாயங்காலமே தண்ணீர் ஊற்றி மீனை விட்டாயிற்று. முதல் நாள் ஒரே துள்ளல். நாலாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாரம் முடிவதற்குள் பாதி காலி. “கடைக்காரன் சீக்கு மீனைத் தள்ளிட்டான்டா!” என்று தீர்ப்பு வேறு. பல சமயம் அவர் நிரபராதி. குற்றவாளி, அம்மோனியா.

எண்ணூர், திருவொற்றியூர் நண்பர்களுக்கு அம்மோனியாவை அறிமுகம் செய்யவே வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அங்கே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது, வரம்பு 5. நம்ம சின்னத் தொட்டியில் 1 மில்லிகிராம் ஏறினாலே மீனுக்குப் பேஜார்தான்.

குழாய் எதுவும் இல்லாத தொட்டிக்குள் அது எப்படி வந்தது? மீனே விடுகிறது, அதுவும் செவுள் வழியாக. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான். அதிலும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதன் நச்சுப் பகுதி கிட்டத்தட்ட பத்து மடங்காகும்.

இதைத் தின்று தீர்க்க ஆள் உண்டு. நைட்ரோசோமோனஸ் வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷமே, மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அடுத்த கோஷ்டி அதை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டாம் கோஷ்டி நைட்ரோபாக்டர் என்றே புத்தகங்கள் சொல்லிவந்தன. மீன்தொட்டிகளில் முக்கிய வேலைக்காரர் நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் ஆராய்ச்சி காட்டியது. இவர்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவர்கள். பெருகுவதோ மெதுவாக. அதனால்தான் நாலு முதல் ஆறு வாரக் காத்திருப்பு. இதற்குப் பெயர் சைக்கிளிங். (மிதிக்க வேண்டியதில்லை!)

இனி செய்முறை. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டியில் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். கடலோரமான நம்ம ஏரியாவில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. மெட்ரோ தண்ணீரே மேல். ஆனால் அதில் குளோரின் உண்டே, அது பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் காற்றோட்டமாக வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விடுங்கள். மீன் வேண்டாம்!

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு? காசிமேட்டு இறால் ஒரு துண்டைத் துணியில் கட்டிப் போடுவோர் உண்டு. வீட்டில் அம்மா துடைப்பத்தோடு வந்தால் நான் பொறுப்பல்ல. நமக்கு லேப் வழிதான் சரி, அளவு தெரியும். 2 பி.பி.எம். வேண்டுமானால் 50 லிட்டருக்கு 100 மில்லிகிராம் அம்மோனியா. அதற்கு அம்மோனியம் குளோரைடு 315 மில்லிகிராம் (மூலக்கூறு எடை 53.5-ஐ 17-ஆல் வகுத்துப் பாருங்கள்). அம்மோனியா தீர்ந்த பிறகுதான் அடுத்த டோஸ்.

நெஸ்லர் கரைசல் விட்டால் அம்மோனியா மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும். அதில் பாதரசம் இருப்பதால் சோதித்த நீரை சிங்க்கில் கொட்டாமல் லேப் கழிவு பாட்டிலில் ஊற்றுங்கள். டோஸ் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்றால் தொட்டி ரெடி. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு நாலைந்து மீனோடு ஆரம்பியுங்கள்.

சீக்கிரம் முடிய ஒரு குறுக்கு வழி, நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பனிடமிருந்து பழைய ஸ்பாஞ்சை ஈரத்தோடு வாங்கி வருவது. அது காய்ந்தால் போச்சு. நம்ம ஊர் வெயிலும் துணைதான்: குளிர் நாட்டுக்காரன் ஹீட்டர் போட்டு எட்டும் 28 டிகிரி நமக்கு இலவசம்.

மீன் வந்த பிறகு ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளபளவென்று கழுவாதீர்கள், ஆறு வார உழைப்பு சாக்கடையில் போகும். தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும். கரண்ட் மணிக்கணக்கில் போனால் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும்: 1 கிராம் அம்மோனியா-நைட்ரஜனுக்கு அதற்கு 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. பேட்டரி ஏரேட்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும். கரண்ட் வந்து ஃபில்டர் ஓடத் தொடங்கினாலும் அன்றைக்கு மட்டும் மீனுக்குத் தீனி கட்.