குன்றிலிருந்து தள்ளியவள்

"பழைய கதையை எடுத்துப் புதிதாக எழுதுகிறார்களே, இவர்களிடம் சொந்தச் சரக்கு கிடையாதா?" என்று கேட்கின்றனர் சிலர். இன்று நேற்றல்ல, நமது இயக்கம் மேடையேறிய நாளிலிருந்தே கேட்கின்றனர். காவியத்தைக் கெடுத்தான், கதையைத் திரித்தான், புனிதத்தைப் புண்படுத்தினான் என்று அடுக்கடுக்காய்க் குற்றச்சாட்டு! அந்தப் பெருமக்களைச் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலைக்கு அழைக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறவேண்டாம். மலையடிவாரம் செல்லும் வழியிலேயே பதில் கிடைக்கும்.

அந்தச் சாலையோரத்தில்தான் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கும் அதிகமான படங்களை ஈன்ற இடம். இன்று எஞ்சி நிற்பது முகப்பு வளைவு! அங்கே உருவாகி 1950ஆம் ஆண்டு வெளிவந்த படம் 'மந்திரிகுமரி'. கதையும் உரையாடலும் கலைஞர் மு.கருணாநிதி. அப்போது அவருக்கு வயது 26. முதலில் மேடை நாடகமாக எழுதியதைத்தான் திரைக்குக் கொண்டுவந்தார்.

கதை என்ன? பகலிலே இராஜகுருவின் மகன், இரவிலே கொள்ளைக்காரன்! அவனை நம்பி மாலையிடுகிறாள் மந்திரியின் மகள். ஒருநாள் அவளைக் குன்றின் உச்சிக்கு அழைத்துச் செல்கிறான், கீழே தள்ளிக் கொல்ல. "சாகுமுன் உம்மை வலம்வந்து வணங்க வேண்டும்" என்கிறாள் அவள். சுற்றுகிறாள், ஒருமுறை, இருமுறை, மும்முறை. தள்ளிவிடுகிறாள் அவனை! அந்த உச்சிக் காட்சி ஏற்காட்டு மலையில்தான் எடுக்கப்பட்டது என்று சேலத்தார் இன்றும் பெருமையோடு சொல்வர்.

கணவனே கண்கண்ட தெய்வம் என்று காலமெல்லாம் பாடம் கேட்ட பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தனர், தெய்வம் பள்ளத்தாக்கில் உருளுவதை! மேடைதோறும் நாம் முழங்கிய பெண்ணுரிமை ஒரு பக்கம்; இந்த ஒரு காட்சி மறுபக்கம். எது அதிகம் பேசியது என்று என்னைக் கேட்டால், காட்சிதான் என்பேன், பேச்சாளனாக இருந்தும்!

"இராஜகுருவின் மகனைத் திருடனாக்கியது திட்டமிட்ட துவேஷம்" என்றொரு குற்றச்சாட்டு உண்டு. கலைஞர் எடுத்தாண்டது குண்டலகேசிக் கதை. நாதகுத்தனார் பாடிய பவுத்தக் காவியம். அந்தக் கதைக்கும் மூலம் உண்டு. பவுத்தப் பெண் துறவியரின் பாடல்களான தேரிகாதைக்குப் பாலி மொழியில் உரை எழுதினார் தம்மபாலர். அங்கே இராஜகிருகத்துச் செல்வரின் மகள் பத்தா. அவள் காதலித்த கள்வன் பெயர் சத்துகன். அவன் யார் பிள்ளை தெரியுமா? அரசனின் புரோகிதர் பிள்ளை! கலைஞர் அதைப் படித்துத்தான் எழுதினாரோ, தன் காலத்தைப் பார்த்து எழுதினாரோ, நானறியேன். ஆனால் புரோகிதர் வீட்டுக் கள்வன் ஈரோட்டிலே பிறந்தவனல்ல என்பது உறுதி!

இன்னொன்று பாருங்கள். பாலிக் கதையிலே அவன் மனைவியைக் கொல்ல நினைத்தது நகைக்காக. தமிழிலே வழங்கும் கதையில் காரணமே வேறு. ஊடல் வேளையில், "நீ கள்வன்தானே" என்று அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். அந்தச் சொல் அவனைச் சுட்டது, கொலைக்குத் துணிந்தான். நகைப் பேராசை போய், ஆணின் அகந்தை வந்தமர்ந்துவிட்டது கதையிலே. இதுவும் திருத்தி எழுதியதுதானே? அதைச் செய்தவர்களைத் திரித்தவர்கள் என்று யாரும் தூற்றக் காணோம்.

குண்டலகேசி பிற சமயங்களை வாதில் வென்றாள் என்று பவுத்தர் பாடிவிட்டனர். சமணர் சும்மா இருப்பரா? எழுந்தது நீலகேசி. பத்துச் சருக்கங்கள். அதிலே நீலகேசி முதன்முதலில் வாதுக்கு இழுத்துத் தோற்கடிப்பது யாரை? குண்டலகேசியைத்தான்! ஒருவர் காவியத்தின் தலைவியை இன்னொருவர் தம் காவியத்துக்குள் கூப்பிட்டு வந்து தோற்கடிக்கிறார். நமது பகடிக்காரர்களுக்கெல்லாம் பாட்டன் அந்தப் பெயர் தெரியாத சமணப் புலவர்! நீலகேசியை 1936இல் அ.சக்கரவர்த்தி பதிப்பித்தார், முழு நூலாக நம் கையிலே இருக்கிறது. குண்டலகேசியோ அழிந்தது, கிடைத்தவை 19 பாடல்கள். கதை முழுதும் நமக்குத் தெரிகிறதென்றால், மறுக்க வந்த நீலகேசியின் உரைக்குத்தான் அதில் பெரும் நன்றி சொல்லவேண்டும்.

மலைமேல் வாழும் மலையாளி மக்களும் கதை சொல்கிறார்கள். காஞ்சியிலிருந்து கரியராமன் என்ற தெய்வத்தின் பின்னே புறப்பட்டனர் அண்ணன் தம்பி மூவர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு. சின்னண்ணன்? கொல்லிமலைக்கு என்கிறது ஒரு கதை. மஞ்சவாடிக்கு என்கிறது மற்றொன்று. எது சுத்தப் பதிப்பு என்று அங்கே எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

வழக்கு நடந்தது சேலம் நகரத்திலே! 1943இல் அறிஞர் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சொற்போர் நடத்தினர். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பது பொருள். 'தீ பரவட்டும்' என்று நூலாயிற்று அந்தச் சொற்பொழிவு. நெருப்புப் பேச்சுத்தான் புகழ் பெற்றது. ஆனால் நெருப்பைவிட ஆழமாக வேலை செய்தது பேனா என்பது என் கட்சி. ஓலவலசு தந்த புலவர் குழந்தை எதையும் கொளுத்தவில்லை. உட்கார்ந்து 3,100 பாடல்களில் 'இராவண காவியம்' எழுதினார், 1946இல். கொளுத்தப் போகிறோம் என்றபோது வாதாட வந்தனர். எழுதிக் காட்டியபோதோ தடைபோட்டனர்! 1948இல் விழுந்த தடை 23 ஆண்டுகள் நீடித்தது. 1971இல் அதை நீக்கியது முதலமைச்சராக இருந்த, அதே மந்திரிகுமரி எழுதிய கைதான்.

நம் பாசறையிலே மட்டும் நடந்ததா இது? அல்ல. மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம், 1937இல் வந்த 'சதி அகல்யா'. ஆறாண்டு கழித்து, நம்மோடு சேராத புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். இராமனின் பாதம் பட்டு எழுந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேட்டு மீண்டும் கல்லாகிறாள். ஒரு வசை இல்லை, ஒரு முழக்கம் இல்லை. பகை ஏடுகள் பத்துச் சேர்ந்து ஏசினாலும் அந்தக் கல்லின் கனம் வராது.

பகடி என்ற பெயரால் எழுதுவதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. தேர்தல் வந்துவிட்டால் சினிமா மெட்டுக்கெல்லாம் வசனம் மாற்றிப் பாடுகிறோம்; வாக்கு எண்ணி முடித்த மறுநாள் எழுதியவனுக்கே மறந்துபோகிறது. மூலத்தைக் கரைத்துக் குடித்தவன் எழுதிய எதிர்ப்பாட்டு நிற்கிறது. அட்டையை மட்டும் பார்த்தவன் எழுதியது கிழிந்துபோகிறது.

1954இல் நடிகவேள் எம்.ஆர்.ராதா இராமாயணத்தை நாடகமாக்கினார். அதே ஆண்டிலே பிறந்தது நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம். காட்சிக்குமுன் பிரதியைக் கேட்கலாம், தடுக்கலாம், தண்டிக்கலாம்! நம்மவர் ஆட்சியிலும் அச்சட்டம் ஏட்டிலிருந்து எடுக்கப்படவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. 2013இல்தான் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளர் ஞாநி. நம்மைப் பல வேளைகளில் காரசாரமாகச் சாடியவர்.