ஓடைப்பாறையின் கோடுகள்

செண்பகத்தோப்பு ஓடையில் நீர் குறைந்த மாதங்களில், காய்ந்து கிடக்கும் பாறைமேல் ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்துப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்த கல்லில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் துலங்கும். சில நேராக ஓடும். சில சிக்குக்கோலம் போல வளைந்து மடிந்து திரும்பும்.

அடுக்கடுக்காகப் படிந்த மண்தானே இது என்று தோன்றும். இல்லை. படிந்த அடுக்கைப் பார்க்க அமெரிக்காவின் மேரிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே நெடுஞ்சாலைக்காக 1983 முதல் 1985 வரை சைட்லிங் மலையைச் சுமார் 340 அடி ஆழத்துக்கு வெட்டினார்கள். வெட்டிய முகத்தில் பாறை அடுக்குகள் தூளிச்சேலை மாதிரி நடுவில் தொய்ந்து நிற்கின்றன. சாலையின் குறுக்கே ஒரு நடைபாலம். அதில் நின்றால் இரு பக்கமும் தெரியும். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மணலும் சேறும் படிந்து இறுகியவை அவை. அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது.

அந்தக் கணக்கு நம் ஓடையில் செல்லாது. இங்குள்ள பாறைக்கு நைஸ் என்று பெயர். பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் ஏற, கல் முழுதாக உருகாமலே அதன் கனிமங்கள் பிரிந்து வரிசை கட்டும். வெள்ளைக் கோட்டில் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். கறுப்பில் பயோட்டைட் போன்றவை. எந்தக் கோடு முந்தியது என்று கேட்பதில் பொருளே இல்லை.

எவ்வளவு வெப்பம்? இந்த ஓடைக்கு அருகே, இராஜபாளையம் பக்கத்துப் பாறைகளில் சஃபிரின் என்ற நீலக் கனிமம் கிடைத்திருக்கிறது. குவார்ட்சுடன் அது சேர்ந்து உருவாக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். உலகின் புவியியலாளர்கள் இந்த ஊரின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது இதனால்தான். அந்தப் பாறைகளும் ஒரு காலத்தில் சேறாகப் படிந்தவையே. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இப்படி மாறின. மேலே இருந்த பாறையெல்லாம் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போக, அடியில் வெந்தது இன்று நம் காலடிக்கு வந்திருக்கிறது. மேரிலாந்தில் வெடிமருந்து இரண்டு ஆண்டில் செய்ததை இங்கே தண்ணீர் பொறுமையாகச் செய்கிறது.

இந்த ஓடை ஓடும் காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். கல்லைப் பெயர்த்து எடுக்கக் கூடாது. உற்றுப் பார்த்தாலே போதும். இந்தப் பகுதி நைஸில் மாதுளை முத்துப் போலச் சிவந்த பொட்டுகள் இருக்கும். அவை கார்னெட்.