வீட்டுக் கொட்டகையில் ஒரு கலப்பு மோட்டார் சைக்கிள்

ஒரு மோட்டார் சைக்கிளின் யந்திரத்தைக் கழற்றி, மற்றொன்றின் சட்டத்தில் பொருத்தி, சேற்றிலும் மேடு பள்ளத்திலும் ஓடத்தக்க புதிய வண்டி ஒன்றை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ள இயலுமா? பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவாவில் வாழும் எனக்கு, ஆனி ஆடி மழையில் செம்மண் வழிகள் குழைந்து கிடக்கும் நாட்களில், இவ்வாறு வினவும் இளைஞர் சிலரைக் காணும் வாய்ப்பு நேர்கிறது. இயலும் என்பதே விடை. ஆனால் அவ்வண்டியை எங்கே ஓட்டுவது என்பது வேறு வினா. முன்னதைக் கேட்போர் பலர். பின்னதைக் கேட்போர் சிலரே.

இக்கலைக்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் டெரெக், டான் என்னும் ரிக்மன் சகோதரர் இருவர் 1960ஆம் ஆண்டளவில் கரடுமுரடான தடங்களில் பந்தயம் ஓட ஒரு வண்டி கட்டினர். சட்டம் பி.எஸ்.ஏ. கம்பெனியுடையது; யந்திரம் டிரையம்ஃப்; முன் சக்கரத்தைத் தாங்கும் கவை நார்ட்டன். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மெட்டிஸ்'. கலப்பிற் பிறந்தது என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பிற்காலத்திலும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. ஜப்பானின் ஹோண்டா கம்பெனி தன் 500 சி.சி. இரண்டடி யந்திரப் பந்தய வண்டியை 2001ஆம் ஆண்டோடு நிறுத்தியது. சிறிய வண்டிகளுக்கு அளித்த அலுமினியச் சட்டத்தை அதற்கு அக்கம்பெனி அளிக்கவேயில்லை. அமெரிக்காவில் ஆர்வலர் பலர் அக்குறையைத் தம் கொட்டகைகளில் தாமே தீர்த்துக்கொண்டனர்.

நம் நாட்டில் இரண்டடி யந்திரம் என்றவுடன் பலருக்கும் நினைவு வருவது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை இங்கு உருவான அவ்வண்டியின் யந்திரம் 98 சி.சி. கொள்ளளவும் 11 குதிரைத் திறனும் கொண்டது, காற்றாலேயே குளிர்வது, பாகங்களும் குறைவு. அதை உயரமான வேறொரு சட்டத்தில் ஏற்றுவதாகக் கொள்வோம். போல்ட்டுத் துளைகளைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது சங்கிலி. யந்திரத்தின் சிறு பற்சக்கரமும் பின் சக்கரத்தின் பெரிய பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சற்றே விலகினாலும் சங்கிலி பற்களைத் தின்னும். வேகத்தில் கழன்றால் யந்திரத்தின் கூட்டையே உடைத்துவிடும். அன்றியும், மேட்டுத் தடத்தில் ஓடும் வண்டியின் பின் சக்கரம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கவல்லது. அச்சக்கரத்தைத் தாங்கும் கை எந்த அச்சில் சுழல்கிறதோ, அதற்கு மிக அருகே சிறு பற்சக்கரம் அமைந்தாலன்றி, சங்கிலி ஒரு கணம் இறுகும், மறுகணம் தளரும். ஆகவே, யந்திரத்திற்கு இடம் குறிக்கும்போது முதலில் அளக்க வேண்டியது இத்தொலைவேயாகும்.

இரண்டாவது பற்றவைப்பு. இரும்புக் குழாய் உருகி ஆறும்போது சுருங்கி இழுக்கும். சட்டத்தை அசையாதபடி ஒரு தாங்கியில் இறுக்காமல் பற்றவைத்தால், கைப்பிடிக் கழுத்து கண்ணுக்குப் புலப்படாத அளவு திரும்பிவிடும். வண்டி நேரே ஓட மறுக்கும். அலுமினியமோ இன்னும் பொல்லாதது. பற்றவைத்த இடத்தை அடுத்துச் சூடு பட்ட பகுதி தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யும் நுண்பற்றவைப்பும், அதன்பின் முறையான வெப்பப் பதமும் வேண்டும். தெருமுனைப் பட்டறையில் இவை இரண்டும் கிட்டுவது அரிது. ஆதலின் முதன்முறை முயல்வோர் இரும்புச் சட்டத்தையே கொள்வது நலம்.

சட்டம் என்னும் சொல் மொழிபெயர்ப்பாளனுக்குச் சில வேளை இடர் தருவது. வண்டியின் எலும்புக்கூடும் சட்டம். நீதிமன்றம் காப்பதும் சட்டம். கலப்பு வண்டியில் ஒன்றை மாற்றினால் மற்றது குறுக்கே வந்து நிற்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. இதன் பொருள் பற்றிய வழக்கு கேரளத்திலிருந்தே எழுந்தது. இத்தகைய மாற்றங்களுக்கு இடமளித்த கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. எரிபொருளை மாற்றுவதற்கும், மின்கலத்தால் ஓட்டுவதற்கும் அங்கீகாரம் பெற்ற சாதனங்களைப் பொருத்த விலக்கு உண்டு.

சாலையில் ஓட்டமாட்டேன், என் தோட்டத்தில்தான் ஓட்டுவேன் என்பார் உளர். 39ஆம் பிரிவை அவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பதிவில்லா வண்டியைப் பொது இடத்தில் மட்டுமன்று, 'வேறெந்த இடத்திலும்' ஓட்டலாகாது என்பது அதன் வாசகம். அடைப்புள்ள வளாகத்தினுள் மட்டும் பயன்படுமாறு அமைத்த தனிவகை வண்டியை 'மோட்டார் வாகனம்' என்னும் வரையறையே விலக்கி வைத்திருக்கிறது. கலப்பு வண்டிக்கு எஞ்சிய வழி அந்த வரையறையினுள் அடங்கி நிற்பதே. வேலியிட்ட தடத்திற்குச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சென்று, மீண்டும் ஏற்றிக்கொண்டு வருவதே முறை. விளக்கும் எண் பலகையும் பூட்டிக் கடைத்தெருவரை ஒருமுறை போய்வந்தாலும் அந்த விலக்கு பறிபோகும்.

தடத்தில் கிடைக்கும் பயிற்சி சிறிதன்று. ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் நெடும்போட்டியில் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பெற்றார். அவர் ஓட்டியது தொழிற்சாலையில் உருவான பந்தய வண்டி. ஆயினும் மணலிலும் கல்லிலும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் கைப்பழக்கம் எந்த வண்டியிலும் ஒன்றே.

அறுவாளை எடுக்குமுன் ஒன்று செய்ய வேண்டும். பழைய யந்திரத்துக்கும் சட்டத்துக்கும் விற்றவரிடமிருந்து எழுத்துச் சீட்டு பெறுக. யந்திரத்தை இழந்த வண்டி இனி என்றும் ஓடாது எனின், 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்துச் சான்றிதழை ஒப்படைக்கும் கடமை அதன் உரிமையாளரைச் சாரும். கழுத்துக் குழாயில் பொறித்த சட்ட எண்ணின்மீது சாணைச் சக்கரம் படாமல் பார்த்துக்கொள்க.