கரண்ட் போன நொடியில் கணினிக்குள் நடப்பது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. ஆரோவில் முதல் மரக்காணம் வரையிலான இந்தக் கடலோரத்துக்குப் புயலும் மின்வெட்டும் புதிதல்ல. யுபிஎஸ் இல்லாத கணினியில் ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? இயக்க அமைப்பு எத்தனை பொறுப்பான வேலையைச் செய்கிறது என்பது இந்தக் கேள்வியில் விளங்கிவிடும்.

‘சேமி’ என்று சொடுக்கியதும் கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. டிஸ்க் மெதுவானது என்பதால், இயக்க அமைப்பின் மையமான கெர்னல் அதை முதலில் நினைவகத்தில் 4 கிலோபைட் பக்கங்களாக வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் என்ற இயக்க அமைப்பில் வழக்கமாக 5 நொடிக்கு ஒருமுறை கெர்னல் விழித்துப் பார்த்து, 30 நொடி கடந்த பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும். ‘இப்போதே எழுது’ என்று மென்பொருள் கேட்டால் காத்திருக்காது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லினக்ஸ் கணினியில் ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘மெம்இன்ஃபோ’ என்ற கோப்பு இருக்கிறது. அதில் ‘டர்ட்டி’ என்று ஒரு வரி, டிஸ்க்குக்கு இன்னும் போகாத அளவைச் சொல்லும். பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை நகலெடுங்கள், அந்த எண் கிடுகிடுவென ஏறும். ‘சிங்க்’ என்று கட்டளை கொடுங்கள், மளமளவென இறங்கும். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால்? உப்பு மண்டிக் கணக்கர் முதலில் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார். கோப்பு முறைமையும் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிகிறது. மீண்டும் கணினி உயிர்பெற்றதும் அதைப் படித்து, முழுதாகப் பதிந்ததை நிறைவேற்றுகிறது, அரைகுறையை விட்டுவிடுகிறது. இந்த வசதி கொண்ட எக்ஸ்ட்3 கோப்பு முறைமை 2001-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. இன்று பரவலாக உள்ள எக்ஸ்ட்4, 2008-ல் நிலைபெற்றது. ஒன்றை மறக்க வேண்டாம்: குறிப்பேடு காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. நீங்கள் கடைசியாகத் தட்டிய நாலு வரிக்கு அது உத்தரவாதம் தராது.

ஆரோவிலும் லினக்ஸின் முன்னோடியும் ஏறக்குறைய ஒரே வயதினர். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் பிறந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார். 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதன் வழியில் லினக்ஸைத் தந்தார். ஆரோவில் யாருக்கும் தனியுடைமை அல்ல என்கிறது அதன் சாசனம். லினக்ஸின் மூலநிரலையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆரோவிலை ஒட்டிய வானூர் வட்டத்துப் பள்ளி மாணவிக்கும் அந்த உரிமை உண்டு.

ஆனால் வாய்ப்பு உண்டா என்பதுதான் என் கவலை. பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலில் இயக்க அமைப்புக்கென்று ஒரு பாடமே இருக்கிறது. வரையறைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ‘டர்ட்டி’ வரி ஏறி இறங்குவதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு லினக்ஸைச் சொல்லித் தருகிறது. கணியம் இணையதளத்தில் ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டி, லினக்ஸைப் போட்டு, பிள்ளைகளிடம் கொடுங்கள்.