கழுதை சுமந்த இருட்டறை

புகைப்படம் எடுக்க என்னென்ன வேண்டும்? காமிரா வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்பீர்கள். 1870-களில் இவை மட்டும் போதவில்லை. கண்ணாடித் தகடுகள், புட்டி புட்டியாக ரசாயனக் கரைசல்கள், ஓர் இருட்டுக் கூடாரம், தண்ணீர், இத்தனையையும் மலைமேல் சுமந்து செல்ல ஒரு கோவேறு கழுதை இவ்வளவும் வேண்டியிருந்தன!

அப்படிக் கழுதையோடு காடுமலை சுற்றியவர் வில்லியம் ஹென்றி ஜாக்சன். இவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள கீஸ்வில் என்னும் ஊரில் 1843-ல் பிறந்தார். சிறு வயதிலேயே ஓவியம் வரையப் பழகியவர். புகைப்பட நிலையங்களில் படங்களுக்கு மெருகேற்றி, வண்ணம் தீட்டும் வேலையில் சேர்ந்து தொழிலைக் கற்றார். 1866-ல் சரக்கேற்றிய மாட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு மேற்கே போனார். அடுத்த ஆண்டு ஒமாஹா நகரில் சொந்தமாக நிலையம் திறந்தார். 1870-ல் ஹேடன் என்னும் நிலவியல் அறிஞர், தாம் தலைமை வகித்த அரசு ஆய்வுக் குழுவில் இவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஈரம் காயுமுன்...

அன்று வழக்கிலிருந்தது ‘ஈரத் தகடு’ முறை. நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவம் கிடைக்கும். அதில் அயோடைடு உப்பைக் கலந்து கண்ணாடியின்மேல் சீராக ஊற்றுவார்கள். பிறகு இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். தகட்டின்மேல் சில்வர் அயோடைடு உண்டாகும். ஒளியை உணர்வது இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். கொலோடியன் காய்ந்துவிட்டால் உருத்துலக்கும் கரைசல் அதனுள் ஊடுருவாது. எனவே தகட்டைத் தயாரித்து, படமெடுத்து, உருத்துலக்குவது வரை எல்லாம் சுமார் பத்து நிமிடங்களில் முடிந்தாக வேண்டும். மலையுச்சியானாலும் பள்ளத்தாக்கானாலும் இருட்டறை பக்கத்திலேயே இருக்க வேண்டும்!

ஒளி படாத சில்வர் அயோடைடைக் கரைத்து நீக்கப் பயன்படும் பொருள்களுள் ஒன்று சோடியம் தயோசல்ஃபேட். அதன் செல்லப்பெயர் ஹைப்போ. ஜாக்சன் தம் கழுதைக்கும் ‘ஹைப்போ’ என்றே பெயரிட்டிருந்தார்!

சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதியும் அன்று எளிதாகக் கிட்டவில்லை. பெரிய படம் வேண்டுமா? அதே அளவுக் கண்ணாடியைச் சுமக்க வேண்டியதுதான். 1875-ல் இவர் 20 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட தகடுகளை மலைப் பகுதிக்கு எடுத்துச் சென்றார்.

நம்பவைத்த படங்கள்

1871-ல் ஹேடன் குழு யெல்லோஸ்டோன் பகுதிக்குச் சென்றது. பழங்குடி மக்கள் காலங்காலமாக அறிந்திருந்த இடந்தான் அது. ஆனால் அங்கே வெந்நீர் விண்ணை நோக்கிப் பீறிடுகிறது என்று வேட்டைக்காரர்கள் சொன்னதை நகரத்தார் கட்டுக்கதை என்றே எண்ணினர். ஜாக்சன் அவற்றைப் படம் பிடித்தார். சுமார் 71 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஊற்று நீரிலேயே தகடுகளைக் கழுவினார். அதனால் அவை உலரும் நேரம் பாதிக்கும் மேல் குறைந்ததாம்!

அவருடைய படங்களையும், உடன் சென்ற ஓவியர் தாமஸ் மோரனின் ஓவியங்களையும் ஹேடன் நாடாளுமன்றத்தினருக்குக் காட்டினார். 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார்.

நானூறும் வீண்!

1877-ல் ஜாக்சன் நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கிலுள்ள பழங்குடியினரின் பழைய கட்டட இடிபாடுகளைக் காணப் போனார். இம்முறை கண்ணாடிச் சுமை இல்லை. அப்போது புதிதாக வந்திருந்த உலர் படச்சுருள் கையில் இருந்தது. எவ்வளவு வசதி! சுமார் நானூறு படங்கள் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்; உருத்துலக்கிப் பார்த்தார். ஒன்றில்கூடப் படம் விழவில்லை.

ஈரத் தகட்டில் தொல்லைகள் பல உண்டு. ஆயினும் தவறு நேர்ந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், மறுபடி எடுக்கலாம். புதிய சுருளில் அந்த வாய்ப்பு இல்லை. நல்லவேளையாக, இடிபாடுகளை அளந்து வரைபடங்களும் குறிப்புகளும் தயாரித்திருந்தார். அவற்றைக் கொண்டு எழுதிய அறிக்கை அச்சேறியது.

பதிப்பாளர் ஜாக்சன்

1894 முதல் 1896 வரை இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளைச் சுற்றி வந்த ஜாக்சன், 1897-ல் டெட்ராயிட் நகரப் பதிப்பு நிறுவனம் ஒன்றில் பங்குதாரராகச் சேர்ந்தார். கறுப்பு வெள்ளை நெகடிவிலிருந்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் அச்சுக்கல் தயாரித்து, வண்ணப் படங்களை அச்சிடும் சுவிட்சர்லாந்து முறையை அந்நிறுவனம் கையாண்டது. அவருடைய படங்கள் அஞ்சலட்டைகளாகி வீடுதோறும் நுழைந்தன. 1924-ல் நிறுவனம் நொடித்தது. அப்போது வயது 81. அவர் ஓய்ந்துவிடவில்லை, மீண்டும் தூரிகையை எடுத்து, தாம் கண்ட மேற்குப் பகுதியை ஓவியங்களாகத் தீட்டினார். 1942-ல், 99-ஆம் வயதில் காலமானார்.

மாணவ நண்பர்களே! புதிய கருவியோ புதிய முறையோ கைக்கு வந்தால், முதலில் சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள். அளவுகளைக் குறிப்பேட்டிலும் எழுதி வையுங்கள். பள்ளிச் சோதனைச்சாலையில் ஹைப்போ புட்டியைக் காணும்போதெல்லாம் கண்ணாடி சுமந்த அந்தக் கழுதை உங்கள் நினைவுக்கு வரட்டும்!