ஆளணிப் பகுதியும் ஊழியர் அந்தரங்கமும்

முற்காலத்தில் ஆளணிப் பகுதி என்றும் இந்நாளில் மனிதவளப் பிரிவு என்றும் வழங்கும் அலுவலகத்தாரிடம் ஊழியர் ஒருவர் கூறும் செய்தி எவ்வளவு தூரம் அந்தரங்கமானது? இவ்வினாவை ஆராய்வார்க்கு அமெரிக்காவிலே சிக்காகோ நகரை அடுத்திருந்த ஹோதோண் தொழிற்சாலையின் வரலாறு பெரிதும் பயன்படும்.

தொலைபேசிக் கருவிகள் செய்த அத்தொழிற்சாலையில் 1928 தொடக்கம் 1930 வரை ஏறக்குறைய 21,000 ஊழியர் தனித்தனியே செவ்வி காணப்பட்டனர். முதலிலே வினாப்பட்டியல் ஒன்றைக் கொண்டு வினவினர். ஊழியரோ வினாவை விடுத்துத் தம் மனத்திலுள்ளதையே பேசினர். ஆதலின் 1929 இல் முறை மாற்றப்பட்டது. கேட்பவர் வாதிடலாகாது, புத்திமதி கூறலாகாது, செவிகொடுத்தலே அவர் கடன் என விதித்தனர். அரைமணி நேரப் பேச்சு ஒன்றரை மணியாக நீண்டது. வேலைக்குறையோடு வீட்டுத் துயரும் வெளிவந்தது.

பெயர் வெளிவராது என்பதே ஊழியருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி. ஆயினும் பேச்சு எழுத்தில் வைக்கப்பட்டது. அடையாளம் நீக்கிய பகுதிகள் மேற்பார்வையாளரின் பயிற்சிக் கூட்டங்களிலே ஆராயப்பட்டன. ஈண்டே சிக்கல் தோன்றுகின்றது. பல்லாயிரவர் உழைக்கும் ஆலையிலே பெயரை நீக்கினால் ஆளும் மறைவார். ஐவர் இருக்கும் அறையிலோ குறையைச் சொன்ன அளவிலேயே சொன்னவர் இன்னாரெனத் தெரிந்துவிடும். இதனைப் பெயர் நீக்கத்தால் தீர்க்க இயலாது.

1936 இல் அங்கு ஆலோசகர் நியமிக்கப்பட்டு, 1956 வரை அம்முறை நடைபெற்றது. அவர்களுக்குச் சம்பளம் தந்தது கம்பனியே. குறையைத் தீர்க்கும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை. தொழிற்சங்கத்தை விலக்கிவைக்கும் உபாயமே இஃது எனக் கண்டித்தாரும் உளர். அக்கண்டனம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று.

சட்டத்தரணியிடம் கூறுவதன் நிலை வேறு. இலங்கையில் 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, கட்சிக்காரர் கூறியதை அவர் சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடுதலைத் தடுக்கின்றது. ஆளணி அலுவலருக்கு அத்தகைய காப்பு அச்சட்டத்தில் இல்லை.

பாலியற் தொல்லை பற்றிய முறைப்பாட்டிலே இவ்விடர் மிகவும் கடுமையாகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கும் தம்மேற் சுமத்தப்பட்டது யாதென அறியும் உரிமை உண்டு. முறையிட்டவரின் பெயரை மறைத்தால் விசாரணை பெரும்பாலும் நின்றுவிடும். வெளியிட்டால், அவர் மறுநாளும் அதே மேலதிகாரியின் கீழ் வேலை செய்தல் வேண்டும். முழு இரகசியம் காப்பேன் என்று கூறும் அலுவலர் தம்மால் இயலாததையே வாக்களிக்கின்றார். யார் யாருக்கு இது தெரியவரும், எது எழுத்தில் வைக்கப்படும் என்பவற்றை ஊழியர் பேசத் தொடங்குமுன் அவர் கூறிவிடலாம். பேசுவதா, சங்கத்தையோ சட்டத்தரணியையோ முதலில் நாடுவதா என்பதை ஊழியர் அப்பொழுதுதான் துணிய முடியும்.