நிலமற்றோரின் முதலீடு: கொங்குநாட்டில் கிறித்தவக் கல்வியும் பொருளியல் மாற்றமும்

முன்னுரை

கல்விக்குச் செலவிடுதலை முதலீடாகக் கருதும் பார்வை, 1960களில் தியோடர் சுல்ட்சு, கேரி பெக்கர் ஆகியோரின் எழுத்துகளால் பொருளியலில் வலுப்பெற்றது. சமயத்தையும் செல்வத்தையும் இணைத்துப் பேசிய மாக்ஸ் வெபரின் கருத்து அதற்கும் முந்தியது. இவ்விரண்டையும் ஒருசேர ஆராய்ந்து சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன் இருவரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்ய மாவட்டங்களில் சீர்திருத்தத் திருச்சபையினர் பெற்ற வளத்திற்கு அவர்தம் உழைப்பறம் காரணமன்று. விவிலியம் வாசிக்கக் கற்றதனால் பரவிய எழுத்தறிவே பெருமளவு காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்விளக்கத்தைக் கொங்குநாட்டிற்குப் பொருத்த முயல்வோர் முதலடியிலேயே இடறுவர். கோயம்புத்தூரின் ஆலைகளை எழுப்பியோரில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவரல்லர். நிலமும் பருத்தி வணிகமும் கைவரப்பெற்ற நாயுடு, கவுண்டர் முதலிய சமூகத்தினர். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த சரத் சாரி, அங்குள்ள முதலாளிகள் பலரை உருவாக்கியது ஏட்டுக்கல்வியன்று, வேளாண்மையிலிருந்து கொண்டுவந்த உழைப்பும் உறவினரின் துணையுமே எனக் காட்டியுள்ளார். அவ்வாறாயின், இரு நூற்றாண்டை நெருங்கும் கிறித்தவக் கல்விப்பணி இவ்வட்டாரத்தின் பொருளியலில் யாருக்கு, எவ்வகையில் பயன்பட்டது? இவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஆலையும் பள்ளியும்

இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். கத்தோலிக்கர் தரப்பில், பெண்கல்வியைத் தம் முதன்மைப் பணியாகக் கொண்ட காணிக்கை அன்னை பிரான்சிஸ்கன் சகோதரியர் சபை 1853இல் இந்நகரிலேயே தோன்றியது. அச்சபையினரே 1948இல் நிர்மலா மகளிர் கல்லூரியை நிறுவினர்.

பொருளியலும் கல்வியும் ஒருவர் வாழ்விலேயே சந்தித்த நிகழ்வாக இராபர்ட் ஸ்டேன்ஸை (1841-1936) குறிப்பிடலாம். காப்பி வணிகத்தில் காலூன்றிய அவர் 1862இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1888இல் கோயம்புத்தூரின் முதல் நூற்பாலைக்கு வித்திட்டார். மேலோட்டமாக நோக்கினால் இது வெபருக்கேற்ற சான்றாகவே தோன்றும். ஆனால் அப்பள்ளி தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குழந்தைகளுக்கானது. ஆலையில் நூல் நூற்றவரின் பிள்ளைகள் அதன் வகுப்பறைக்கு உரியவராகக் கருதப்படவில்லை. ஒரே கொடையாளரின் ஆலையும் பள்ளியும் இருவேறு மக்களை நோக்கி வாயில் திறந்திருந்தன என்பதை இத்துறை வரலாறுகள் போதிய அளவு அழுத்திக் கூறுவதில்லை.

கவலை நின்றபோது

கொங்குநாட்டு வேளாண்மை கிணற்றை நம்பியது; கிணறு கவலை ஏற்றத்தை நம்பியது. ஏற்றத்திற்கான தோல் பறியையும் தும்பியையும் தைத்துத் தந்தோர் அருந்ததியர். பண்ணையாளாகக் கட்டுண்டிருந்த அச்சமூகத்தாருக்கு, நிலவுடைமையாளர் தம்மைத் தவிர்க்க முடியாத ஒரு கைத்திறன் இதனால் வாய்த்திருந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூரை அடைந்தது. நூற்பாலைகள் பெருகின, மின்மோட்டாரும் பம்புசெட்டும் இந்நகரின் புகழ்பெற்ற உற்பத்திப் பொருள்களாயின. அவை கிணற்றடிக்கு வந்த வேகத்தில் கவலை நின்றது. தோல் தைத்த கைகளுக்கு வேலை குறைந்தது. இப்பகுதியின் வளர்ச்சியைப் பேசும்போது இவ்விழப்பையும் அதே கணக்கேட்டில் எழுதவேண்டும்.

தாராபுரம் வட்டாரத்தில் மெதடிஸ்ட் மிஷன் இம்மக்களிடையே மேற்கொண்ட கல்விப்பணியை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட முடியும். நிலம் உள்ளவன் நிலத்தை ஈடுவைத்துத் தறி வாங்கலாம். உறவின்முறை உள்ளவன் பங்காளியைச் சேர்த்துப் பட்டறை தொடங்கலாம். இரண்டும் இல்லாதவனுக்குப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றே எவரிடமும் அடகுபோகாத உடைமை. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை பண்ணையின் வேலைநேரத்திலிருந்து விடுபட்டான் என்பது பாடத்திட்டத்தைவிடப் பெரிய செய்தி. அவ்வாறு படித்தோர் ஆசிரியராகவும் செவிலியராகவும் மாதச் சம்பளம் பெற்றனர். தானியமாகவும் பழைய சோறாகவும் கூலி பெற்ற குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பது வருமான உயர்வு மட்டுமன்று. யாரிடம் கைகட்டி நிற்பது என்ற உறவே அதனால் மாறியது.

இப்பயன் பரவலாக இருந்ததெனக் கூறிவிட இயலாது. கோயம்புத்தூர் வட்டாரச் சிற்றூர்களை 1980களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்த ஜூடித் ஹேயர், தொழில்வளர்ச்சி அருகிலேயே நிகழ்ந்தபோதும் தலித்துகள் நெடுங்காலம் அதன் விளிம்பிலேயே நின்றதைப் பதிவுசெய்துள்ளார்.

பள்ளிக் கணக்கு

மிஷன் பள்ளிகள் அயல்நாட்டு நன்கொடையால் மட்டும் நடந்தன என்பது பொதுவான எண்ணம். 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அறிக்கை மானிய முறையை வகுத்தபின், கட்டணம், நன்கொடை, அரசு மானியம் என்னும் மூன்றும் சேர்ந்தே பள்ளிக் கணக்கு அமைந்தது. விடுதலைக்குப் பின்னரும் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்றதனால், ஏழைப் பிள்ளையைச் சேர்ப்பது நிறுவனத்திற்கு இழப்பாகவில்லை.

1980களில் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகத் தொடங்கியதும் இக்கணக்கு மாறிற்று. கோயம்புத்தூர் தனியார் கல்லூரிகளின் பெருநகரமாயிற்று; கிறித்தவ நிறுவனங்களும் அவ்வோட்டத்தில் கலந்தன. மானியம் இல்லாத இடத்தில் கட்டணமே முதல் வருவாய். 2005ஆம் ஆண்டின் 93ஆம் அரசமைப்புத் திருத்தம் வழிவகுத்த தனியார் நிறுவன இடஒதுக்கீட்டிலிருந்து சிறுபான்மை நிறுவனங்கள் விலக்கும் பெற்றன. எனவே ஒரு தலித் மாணவருக்கு அங்கே இடம் தருவது நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்ததாகிறது. சிறுபான்மை உரிமையைப் போற்றும் நிறுவனங்கள் தம் சேர்க்கை விவரங்களைத் தாமே வெளியிடுதல் தகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சட்டத்தின் வாசலில்

கல்வி தந்த பயனைச் சட்டம் குறைத்த நிலையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் உரியதாயிருந்து, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறித்தவரைச் சேர்க்கவில்லை. சூசை எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு இதன் பொருளியல் முகத்தைத் தெளிவாகக் காட்டும். சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை ஆதிதிராவிடர். கிறித்தவராக மதம் மாறியவர். செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்றில்லை எனக் கூறி உச்சநீதிமன்றம் 1985இல் அவர் மனுவைத் தள்ளிற்று. தொழில் மாறவில்லை, அமர்ந்த சாலையோரமும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டினுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. கவலை நின்றபின் கல்வியை நாடிய சமூகத்திற்கு இது பெரும் திறப்பு. ஆயினும் திருமுழுக்குப் பெற்ற அருந்ததியர் வீட்டுப் பிள்ளை இதனுள் வருவதில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானோர் என்னும் தலைப்பில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படும் அப்பிள்ளை, தலைமுறைகளாக நிலமும் வணிகமும் பெற்றிருந்த சமூகங்களின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.